தேனுக்குத் தகரம், கோழிக்கு முள்

உன்யாஞ்சி, சிங்கிடா
6 ஆகஸ்ட் 1989

ஸ்கோலா அம்மாவுக்கு ஹாங்கோ சொல்லி அனுப்புவது.

வாய் என்னுடையது, கை உபதேசியார் டெசிடெரியுடையது. பேத்தி பிறந்த செய்தியை ரயிலில் வந்த உப்பு வியாபாரி சொன்னான். கேட்ட இடத்திலேயே குதித்தேன். இந்த வயதில் குதித்தால் என் முட்டி என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், இருந்தும் குதித்தேன். ஸ்கோலாவுக்குக் கம்பங்கூழில் வெண்ணெய் நிறையப் போட்டுக் கொடு. குழந்தைக்கு என் அம்மாவின் காது வாய்த்திருக்கிறதா என்று பார்த்து எழுது.

இங்கே நான் நலம். மாடுகள் நலம். தகரக் கூரை நேற்றைய காற்றுக்கும் ஓர் ஆணி அசையாமல் நின்றது. அதைவிடப் பெரிய சேதி, சிமெண்டுத் தரை போட்டாகிவிட்டது! நீ ரயில் ஏறிய மூன்றாம் நாளே கொத்தனார் வந்தான். யுஸ்டினா, நீ பார்க்க வேண்டும் அந்தத் தரையை. துடைத்துவிட்டால் முகம் தெரிகிறது. உபதேசியார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கோயிலுக்குள்கூட அந்த மனிதர் கழற்றியதில்லை.

தரை இப்படி ஆன பிறகு கோழிகளை எப்படி உள்ளே படுக்கவிடுவது? பழைய மண்கூரை வீட்டில் நாமும் ஆடும் கோழியும் ஒன்றாகப் படுத்தோம், அது வேறு. அதனால் பின்பக்கம் அத்திமரத்தடியில் உன் கோழிகளுக்குத் தனிப்பட்டி கட்டிவிட்டேன். மார்பு உயரம் மண்கல் சுவர், மேலே முள் பரப்பு, முன்னால் படல். எல்லாம் நாலே நாளில். ஏன் அத்திமரம் என்று கேள். தேனீ குடியிருக்க நான் குடைந்து ஏற்றின தேன்கட்டை இரண்டும் அங்கேதான் தொங்குகின்றன. மேலே தேனீ காவல் இருக்கும்போது எந்தத் திருடன் கிட்டே வருவான்? தேனை எதுவும் தொட முடியாதபடி மரத்தைச் சுற்றி மிச்சத் தகரத்தை வழுவழுவென்று அடித்துவிட்டேன். இந்த யோசனையைக் கேட்டு உபதேசியார் "ஆகா" என்றார்.

இனி சொல்வதை உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை காலை படலைத் திறந்தேன். ஏழு கோழி செத்துக் கிடந்தது. கழுத்தில் கடி, ஒன்றையும் முழுசாகத் தின்னவில்லை. சுவருக்கு அடியில் என் தொடை நுழைகிற அளவுக்கு வளை. பறித்த மண் வெளியே குவியலாகக் கிடந்தது. அதன் மேல் ஐந்து விரல் தடம், ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் தள்ளி ஒரு நகக்குழி. நரிக்கு அந்த நகம் இல்லை. வளைக்கரடி! கறுத்த வயிறும் வெளுத்த முதுகுமாக, நாய் உயரம்கூட இல்லாமல், ஊரே தன்னுடையது மாதிரி நடந்து போகுமே, அதேதான். ஐம்பது வருஷமாக என் தேனைக் கொள்ளையடிக்கிற குடும்பம், இப்போது கோழிக்கு வந்திருக்கிறது.

நீ மனசை விடாதே. எனக்கும் அதற்கும் இது பழைய கணக்கு. ஒரு வாரம் கொடு.

ஹாங்கோ


தபோரா
15 ஆகஸ்ட் 1989

ஸ்கோலா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் வாயும் என்னுடையது, கையும் என்னுடையது. முதியோர் வகுப்புக்கு ஊரே போன வருஷம் நீங்கள் தேன் எடுக்கக் காட்டுக்குப் போனீர்கள். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். இன்றைக்கு உங்களைத் திட்ட எனக்கு உபதேசியார் தேவைப்படவில்லை.

உங்கள் கடிதத்தை ஸ்கோலாவுக்கு உரக்கப் படித்தேன். நான் நலம், மாடுகள் நலம், தகரம் நலம் என்று வந்ததும் நிறுத்தினேன்.

"கோழியச் சொல்லல பாரு" என்றேன்.

"மறந்திருப்பாரும்மா" என்றாள் உங்கள் மகள்.

"உங்கப்பனா? மறக்கற ஆளா அவரு? என்னமோ பண்ணி வெச்சிருக்காரு."

ஏழு கோழி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஏழு? இருபத்தேழில் எந்த ஏழு? அதைச் சொல்லத் தெரியவில்லை, தரையில் முகம் தெரிவதை மட்டும் சொல்லத் தெரிகிறது.

நன்றாகக் கேளுங்கள். நிலம் உங்கள் அப்பா வைத்தது. மாடு உங்களுடையது. தேன் உங்களுடையது, தேன் கொண்டுவந்த தகரமும் சிமெண்டும் உங்களுடையது. அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது கோழி மட்டும்தான். கல்யாணமான வருஷம் என் அக்கா மடியில் கட்டிக் கொடுத்த ஒற்றைப் பெட்டையிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக வந்த வம்சம் அது. உங்கள் மாட்டில் ஒரு கன்றையாவது உங்களைக் கேட்காமல் நான் அவிழ்த்துக் கட்டியிருக்கிறேனா? நீங்கள் என்னைக் கேட்காமல் என் கோழிகளை வெளியே தூக்கிப் போட்டீர்கள், அதுவும் நான் ரயில் ஏறிய சூடு ஆறுவதற்குள்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் வருவேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை. மருமகன் பின்னறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறான். காற்றோட்டமான அறை.

குழந்தைக்கு உங்கள் அம்மாவின் காது இல்லை. ஆண்டவர் இரக்கமுள்ளவர்.

யுஸ்டினா


உன்யாஞ்சி
23 ஆகஸ்ட் 1989

ஸ்கோலா அம்மாவுக்கு,

எந்த ஏழு என்று கேட்டாய். சொல்கிறேன். உபதேசியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, கோழிக்கெல்லாமா வரலாறு வெச்சிருக்கீரு?"

"நீரு எழுதும்யா. நிறுத்தாம எழுதும்."

முதலாவது, கழுத்தில் இறகில்லாத சிவப்பி. ஏரி நிரம்பி ரோட்டை மூழ்கடித்த வருஷம் பொரித்தவள், திருகைக் கல்லுக்குப் பின்னால் முட்டையிட்டு ஒளித்து வைப்பாளே, அந்தக் கிழவியின் மகள். இரண்டாவது அவளுக்கு அடுத்த ஈட்டில் வந்த தங்கை, வலது காலில் ஒரு விரல் கூடுதல். மூன்றாவது சாம்பல் புள்ளி. ஒரு சுரைக்குடுக்கையைக் கொடுத்து நீ மாற்றி வாங்கி வந்தாய், வந்த அன்றைக்கே என் தொப்பிக்குள் முட்டையிட்டாள், நான் பார்க்காமல் தலையில் வைத்துக்கொண்டேன், நீ சிரித்துச் சிரித்து அடுப்பை அணையவிட்டாய். நான்காவது சுருட்டை இறகுக்காரி, மழைத்தூறல் விழுந்தால் ஆட்டின் வயிற்றுக்கடியில் போய் நிற்பாள். ஐந்தும் ஆறும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஈஸ்டர் அன்று ஒன்றாகப் பொரித்த கறுப்பிகள். அவர்களை உன்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. என்னால் முடியும். ஒருத்தி கேறும்போது கடைசியில் மூச்சை விழுங்குவாள். ஏழாவது அந்த நெட்டைக்கால் கூச்சிச் சாதிப் பெட்டை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன உபதேசியாரைக் கிணறு வரை துரத்தினவள். இதை எழுதும்போது அவர் முகம் போகிற போக்கை நீ பார்க்கவில்லையே.

எழுதி வைத்துவிட்டு மறக்கிற வசதி எனக்கு இல்லை, யுஸ்டினா. எல்லாம் தலையிலேயே கிடக்கிறது. முப்பத்தெட்டு வருஷத்துக் கோழியும் கிடக்கிறது.

இப்போது நல்ல சேதி! சுவரைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் காவாய் வெட்டினேன். உள்ளே உடைமரக் கொம்புகளைக் கூராகச் சீவி, நெருக்கமாக, பல்வரிசை மாதிரி நட்டேன். மேலே மண் போட்டு மாடு விட்டு மிதித்தாகிவிட்டது. கடப்பாரையே இறங்கமாட்டேன் என்கிறது. கைகள் கொப்பளித்துவிட்டன, ஆனால் இருபது வயது குறைந்தமாதிரி இருக்கிறது. நாளைக்குக் காலை வெறும் நகத்தடம் மட்டும் இருக்கும், அதைக் காட்டி ஊரைக் கூட்டப்போகிறேன். வண்டி ஏறத் துணி மடி!

ஹாங்கோ

24 காலை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் உபதேசியாரை மறுபடி அழைத்தேன். பல்வரிசைக்கும் கீழே போயிருக்கிறது. இரண்டு போயிற்று. ஒற்றைக்கண்ணியும், அவள் கூடவே திரியும் வெள்ளை வாலும். ஊரைக் கூட்டவில்லை.


தபோரா
1 செப்டம்பர் 1989

ஸ்கோலா அப்பாவுக்கு,

ஏழு பேரையும் படித்தேன். திரும்பவும் படித்தேன். ஸ்கோலா "ஏம்மா கண்ணு கலங்குது?" என்று கேட்டாள். அடுப்புப் புகை என்றேன். இங்கே கரி அடுப்பு, புகையே கிடையாது.

சுருட்டை ஆட்டின் அடியில் போய் நின்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அவ்வளவுதான் அதைப் பற்றி எழுதுவேன்.

மற்றபடி, இரவெல்லாம் யோசித்தேன். வளைக்கரடி நம் கோழிக்காக எப்போதாவது வந்திருக்கிறதா? இல்லை. காட்டில் உங்கள் தேனுக்குத்தான் போகும். அத்திமரத்துக் கட்டைகளை ஏற்றின புதிதில்கூட வந்து தேனைத் தின்றுவிட்டுப் போனதே தவிர, நம் படலைத் திரும்பியும் பார்த்ததில்லை. இந்த முறை என்ன புதுசு? தகரம்தான் புதுசு! அது தேன் வாசனைக்கு வந்திருக்கிறது. மரத்தில் ஏறப் பார்த்திருக்கிறது. நகம் தகரத்தில் வழுக்கியிருக்கிறது. மேலே போக வழியில்லாமல் மூக்கைக் கீழே இறக்கியிருக்கிறது. மூக்குக்கு நேரே என் கோழிகள்.

நம்பாவிட்டால் போய் அந்தத் தகரத்தைப் பாருங்கள். கீறல் இருக்கும்.

உங்கள் தேனுக்குத் தகரம், என் கோழிக்கு முள்ளா? மிச்சத் தகரம் கையில் இருந்தபோது எதைக் காப்பாற்றத் தோன்றியது உங்களுக்கு? இதற்குப் பதில் எழுதுங்கள். உபதேசியாருக்கு அலங்காரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யுஸ்டினா


உன்யாஞ்சி
12 செப்டம்பர் 1989

ஸ்கோலா அம்மாவுக்கு,

கீறல் இருக்கிறது. என் இடுப்பு உயரம் வரை, நாலைந்து தடவை ஏறிச் சறுக்கின கீறல். நான் தினமும் அந்த மரத்தைக் கடந்துதான் மாட்டுக்குப் போகிறேன். பார்க்கவில்லை. நீ தபோராவில் உட்கார்ந்துகொண்டு பார்த்துவிட்டாய்.

பதில் கேட்டாய். தேனைத்தான் காப்பாற்றத் தோன்றியது. கோழி நினைவுக்கே வரவில்லை. உபதேசியார், இதை மென்மையாக எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் அந்தக் கீறலையே போய்ப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் தேனீக்களுக்குப் புகை போட்டு, இரண்டு கட்டையையும் இறக்கி, காட்டுக்குள் அரைநாள் நடை தூரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தேன். தகரத்தை உரித்தேன். அதைப் பட்டிச் சுவரைச் சுற்றி நிலத்துக்குள் நேராக இறக்கினேன்.

கோழிகள் எங்கே என்று உனக்குப் பதறும். பதினெட்டும் என்னோடு வீட்டுக்குள். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தூக்கி வருகிறேன். கட்டில் கால்மாட்டில் ஆறு, பெட்டியின் மேல் நாலு, மிச்சம் சிமெண்டில். தரை இப்போது என்ன நிறம் என்று கேட்காதே. உபதேசியார் செருப்போடு வருகிறார். ஆனால் இது நீடிக்காது. காற்றில் கூரைத் தகரம் படபடத்தால் பதினெட்டும் எழுந்து ஒரே கூச்சல். வந்த நாளிலிருந்து ஒரு முட்டை இல்லை. மண்கூரைக்குக் கீழே தூங்கின உயிர்கள், தகரத்துக்குக் கீழே தூங்கமாட்டேன் என்கின்றன.

ஆனால் கேள், காலிப்பட்டியால் எனக்கு ஒரு லாபம்! தினமும் பழைய தேனடையும் ஆட்டுக்குடலும் ஒரு கூடையில் வைத்துப் பட்டிக்குள் தொங்கவிடுகிறேன். காலையில் போய்ப் பார்க்கிறேன். அது எனக்குப் பாடம் நடத்துகிறது, நான் அதற்குப் பாடம் நடத்துகிறேன். தகரம் புதைத்த முதல் நாள் அது தோண்டித் தகரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, தனியாக ஆடினேன், மாடுகள் பார்த்தன. இரண்டாம் நாளும் நின்றது. மூன்றாம் நாள் தகரம் முடிகிற ஆழத்தைக் கண்டுபிடித்துக் கீழே போய்க் கூடையைக் காலி செய்துவிட்டது. வளைக்குள் கல் போட்டு அடைத்தேன், ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து, அடுக்கியே வைத்திருந்தது.

உனக்கு ஏதாவது தோன்றினால் சொல். என்னை நீ திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

ஹாங்கோ


தபோரா
17 செப்டம்பர் 1989

ஸ்கோலா அப்பாவுக்கு,

தரையின் நிறத்தைக் கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். விவரமாக எழுதுங்கள். மூலை மூலையாக எழுதுங்கள். ஸ்கோலாவும் நானும் அந்தப் பத்தியைப் படித்து, குழந்தை விழித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தோம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மடத்துச் சகோதரிகளிடம் குழந்தையைக் காட்டப் போனேன். பின்பக்கம் அவர்களுக்குக் கோழியடைப்பு இருக்கிறது. கீரிப்பிள்ளையும் நரியும் மொய்க்கிற இடம், ஆனால் ஒரு குஞ்சு போனதில்லையாம். சமையற்கட்டுச் சகோதரி யூலித்தாவிடம் கேட்டேன்.

"எவ்ளோ ஆழம் எறக்கியிருக்கீங்க சிஸ்டர்?"

"ஆழமா? ஒரு சாண்கூட இல்ல. கால நகத்திப் பாரும்மா, நீ அதும் மேலதான் நிக்கற."

குனிந்து மண்ணைத் தள்ளினேன். கம்பிவலை! சுவர் அடியிலிருந்து வெளிப்பக்கமாக, பாய் விரித்தமாதிரி இரண்டு முழம் படுத்துக் கிடக்கிறது. மேலே கொஞ்சம் மண். அந்தச் சகோதரி சொன்னாள்: "தோண்டற பிராணி எல்லாமே செவுத்துல மூக்க வெச்சு, மூக்குக்குக் கீழதான் தோண்டும். கீழ வலை தட்டும். பக்கத்துல போயித் தோண்டும், அங்கயும் தட்டும். ரெண்டு மொழம் தள்ளிப் பின்னால வந்து தோண்டலாம்னு அதுக்குத் தோணவே தோணாதும்மா."

எனக்கு அங்கேயே கை தட்டத் தோன்றியது. கையில் குழந்தை இருந்தது.

ஆழத்துக்குப் போகாதீர்கள். ஆழம் அதன் ஊர். படுக்க வையுங்கள். நம் ஊரில் வலைக்கு எங்கே போவீர்கள் என்று யோசித்தேன். வலை எதற்கு? வீட்டைச் சுற்றிப் பாறை தவிர வேறென்ன இருக்கிறது?

இதைச் சொன்னதால் நான் வருகிறேன் என்று துள்ளவேண்டாம். நாற்பதாம் நாள் போன வாரமே முடிந்துவிட்டது. மருமகன் எனக்கு நாலு பெட்டை வாங்கி வந்திருக்கிறான். அடைப்பை எங்கே கட்டட்டும் என்று என்னைக் கேட்டான். வாசலா, கொல்லையா, எந்தப் பக்கம் கதவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை.

கோழி பிழைத்ததா இல்லையா என்பதோடு என் வழக்கு முடியவில்லை. அது யாருடைய கோழி என்பதுதான் வழக்கு.

குழந்தை இப்போது சிரிக்கிறாள்.

யுஸ்டினா


உன்யாஞ்சி
18 அக்டோபர் 1989

யுஸ்டினாவுக்கு,

மூச்சு விடாமல் சொல்கிறேன், உபதேசியார் "மெதுவா, மெதுவா" என்கிறார். எப்படி மெதுவாகச் சொல்வது!

உன் கடிதம் வந்த அன்றே மேட்டுப்பாறையில் விறகை அடுக்கித் தீ மூட்டினேன். பாறை சூடேறி, அதற்குள்ளே சடசடவென்று பேச ஆரம்பித்ததும் குடம் குடமாகத் தண்ணீர். டம்! காய்ந்த மரப்பட்டை மாதிரி எழும்பிப் பிளந்தது. நாலு நாள் இதே வேலை. முப்பத்தோரு பலகைக்கல். மாட்டைப் பூட்டி இழுத்து வந்தேன். சுவரடியில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக இரண்டு முழத்துக்குப் படுக்க வைத்தேன், ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி. படலுக்கு முன்னாலும் ஒன்று. மேலே ஒரு சாண் மண். பட்டி இப்போது கல்லில் பாவாடை கட்டி நிற்கிறது.

முதல் காலை, சுவரடியில் கீறல். கல் தெரிகிறது. பக்கத்தில் நகர்ந்து கீறல், கல். இன்னும் நகர்ந்து கீறல், கல். யுஸ்டினா, அது பட்டியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது! ஓர் அடி பின்னால் வந்து பார்க்கவில்லை. கூடை வைத்தது வைத்தபடி. இரண்டாம் காலை அப்படியே. ஆறு நாள் அப்படியே. தினமும் நான் மண்ணை மூடுவேன், தினமும் அது என் சுவரடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். அந்தச் சகோதரிக்கு ஒரு குடுக்கை தேன் அனுப்புகிறேன்.

ஏழாம் நாள், கூடையை எடுத்துவிட்டுக் கோழிகளையே விடுவது என்று முடிவு செய்தேன். பதினெட்டையும் உள்ளே விட்டு, நான் ஈட்டியோடு அத்திமரத்தில் சாய்ந்து நின்றேன். உபதேசியாரும் வந்தார், ஒரு கையில் தடி, ஒரு கையில் ஜெபமாலை. வெளிச்சம் முழுசாகப் போகவில்லை, அதற்குள் வந்துவிட்டது. புதரிலிருந்து, வெள்ளை முதுகை ஆட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தும் பார்க்காதமாதிரி.

"பெரியவரே, இது மனுசன எங்க கடிக்கும்னு சொல்லுவாங்களே, நெசமா?"

"நெசந்தான். மாலைய அங்க புடிச்சிக்கிட்டு நில்லும்."

எங்கே என்பதை எழுதமாட்டேன் என்று உபதேசியார் பேனாவை மூடிவிட்டார். நீயே புரிந்துகொள்.

அது சுவரில் மூக்கை வைத்தது. உள்ளே கோழிகள் கத்தின. தோண்டியது. நகம் கல்லில் கிறீச்சிட்டது, என் பல்லெல்லாம் கூசியது. நகர்ந்தது, தோண்டியது, கிறீச். நான் எண்ணினேன், பதினான்கு இடம். படலுக்கு முன்னால் வந்தது, அங்கே நின்று வெகுநேரம் தோண்டியது. ஈட்டி எறிகிற தூரம்தான். என் கை தூக்கியே இருந்தது. பிறகு அது நிமிர்ந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இது யார் யோசனை என்று கேட்கிறமாதிரி பார்த்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"என் யோசனை இல்லடா! தபோராவுல இருக்கா, போயிக் கேளு!" என்று கத்தினேன்.

அது திரும்பி, வாலைத் தூக்கி, ஒரு நாற்றம் விட்டது பார். உபதேசியாரின் சட்டையை மூன்று முறை துவைத்தாகிவிட்டது, இன்னும் அவர் பக்கத்தில் காற்றடிக்கிற திசை பார்த்துத்தான் உட்காருகிறேன். பிறகு நடந்தே போய்விட்டது, ஓடவில்லை. ஈட்டியை எறியாமல் விட்டேன். அன்றைக்கப்புறம் வரவில்லை.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

நீ கேட்டதற்கு வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பாக வருகிறது. "உன் கோழிதானே, யார் இல்லை என்றது" என்று சொன்னால், அதிலும் நான்தான் கொடுக்கிறமாதிரி இருக்கிறது. அதனால் இதைச் செய்தேன். படலை எடுத்துவிட்டுப் பலகைக் கதவு போட்டேன். அதில் பூட்டுப் போட்டேன். பூட்டுக்குச் சாவி ஒன்றுதான். இந்த உறைக்குள் தேன்மெழுகில் பொதிந்து வைத்திருப்பது அதுதான். தபாலில் கிலுகிலுத்தால் யாராவது பிரித்துவிடுவார்கள் என்று மெழுகு வைத்தேன்.

என்னிடம் சாவி இல்லை. கம்புத் தானியத்தைச் சுவருக்கு மேலாக முள்ளை விலக்கி வீசுகிறேன். மூங்கில் குழாய் ஒன்றைச் சுவரில் சொருகித் தண்ணீர் ஊற்றுகிறேன். உள்ளே வெயிலும் நிழலும் மண்குளிக்க இடமும் இருக்கிறது. வெளியே விடமுடியாது. முட்டையை எடுக்கமுடியாது. இடைவெளியில் எட்டிப் பார்த்தேன், மூன்று பெட்டை அடையில் உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி அந்த மூச்சு விழுங்குகிற கறுப்பியின் மகள். எத்தனை முட்டை என்று தெரியவில்லை. எனக்குத் தெரியவேண்டியதும் இல்லை.

கதவு எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன். கிழக்கே வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் மாற்றலாம், கல் மட்டும் கனம்.

ஹாங்கோ


தபோரா
26 அக்டோபர் 1989

ஸ்கோலா அப்பாவுக்கு,

உங்களுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. பதினெட்டு உயிரைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை ரயிலில் அனுப்புகிற மனிதரை இந்தத் தபோராவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தபால்காரர், மருமகன், சகோதரி யூலித்தா எல்லோரும் மெழுகை மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தார்கள். சாவி தொலைந்திருந்தால்? நான் சாவியை இங்கேயே ஒரு மூலையில் போட்டுவிட்டிருந்தால்? அதையெல்லாம் யோசித்தீர்களா?

யோசித்திருப்பீர்கள். உங்களுக்கு மறதி கிடையாதே.

அடைக்கு உட்கார்ந்தவளுக்கு உடைத்த சோளம் போடுங்கள், முழுக் கம்பு செரிக்காது. கறுப்பியின் மகள் முதல் ஈட்டில் குஞ்சை மிதிப்பாள், அவளைத் தனியே வைக்கவேண்டும், அதை நான் வந்து செய்கிறேன். கதவு மேற்கேதான் இருக்கவேண்டும். மத்தியானக் காற்று கிழக்கிலிருந்து வரும்போது மண்ணெல்லாம் உள்ளே போகும். கல்லைத் தயாராக வையுங்கள்.

இங்கே இருக்கிற நாலு பெட்டையையும் ஸ்கோலாவிடம் விட்டிருக்கிறேன். அவளுடையது என்று சொல்லித்தான் விட்டேன், மருமகன் முன்னாலேயே.

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கவேண்டாம். கோழிகள் தனியாக இருக்கும். பட்டியண்டை இருங்கள், நான் வந்து திறக்கிறேன்.

யுஸ்டினா